தட்டில் ஏறாத சரணம்

மைக்கு இல்லாத காலத்தில் கொட்டகை முழுவதற்கும் கேட்கிற மாதிரி எப்படிப் பாடினீர்கள் என்று இப்போது நடிக்க வருகிற பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். சமீபத்தில் ஒரு பாராட்டுக் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மைக்கு வீலென்று கத்தியது. அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினேன். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். கூட்டம் முடிந்ததும் நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டு, "எப்படியம்மா?" என்றார்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் குரல் பெரிய குரல் அல்ல. எங்கள் கம்பெனி முதலாளி மங்களத்தம்மாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதுதான் காரணம். ஆனால் அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்வதற்கு என் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் 'பாட்டுக்கார உபதேசியார் வீடு' என்று பெயர். என் தாத்தா ஞானாபரணம் உபதேசியார் கட்டிய கீர்த்தனைகளை ஜில்லா முழுவதும் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில்களில் பாடினார்கள். எழுத்துத் தெரியாமல் நாற்று நடுகிற பெண்களுக்கும் அவர் பாட்டுத் தெரியும். தாத்தாவை நான் பார்த்ததில்லை. அப்பா சாமுவேல் வாத்தியார் வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்துவார். தாத்தாவின் பாட்டில் ஒரு இடத்தில் சுரம் பிசகினால் சபை முழுவதையும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து பாடவைப்பார். பெரிய பெரிய வக்கீல்களெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரித் திரும்பப் பாடுவார்கள்.

எனக்கு அன்னபாக்கியம் என்று ஞானஸ்நானப் பெயர். அம்மா சிறு வயதிலேயே போய்விட்டாள். ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். காய்ச்சலில் போய்விட்டார். நான் அப்பாவிடமே திரும்பி வந்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். துக்கமாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். அப்படியே காலம் போயிருக்கும்.

அந்த வருஷம் திருநெல்வேலியில் ஒரு பெண்கள் நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டது. பகலில் ஒத்திகை நடக்கும். ஒரு நாள் ஏதோ சாமான் வாங்கப் போனவள் கீற்றுத் தட்டிக்கு வெளியே நின்றுவிட்டேன். உள்ளே ஒருத்தி ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். கெஞ்சிப் பாடினாள், அதட்டிப் பாடினாள், அழுகையை அடக்கிக்கொண்டு பாடினாள். எங்கள் வீட்டில் ஒரு அடிக்கு ஒரு வழிதான் உண்டு. எனக்குக் கால் நகரவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் தட்டியை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் வெளியே வந்தது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், ஆண்பிள்ளை நடை, வாயில் வெற்றிலை.

"ஏட்டி, வெளிய நின்னு எத்தனை நாளைக்குக் கேப்ப? உள்ள வந்து கேளு."

அவர்தான் மங்களத்தம்மாள். அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரர். கம்பெனிக்கு முதலாளியும் அவர்தான், ராஜா வேஷம் போடுகிறவரும் அவர்தான்.

கம்பெனியில் சேர நான் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய காலையில் அப்பா தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கிப் போய்விட்டார்.

கம்பெனியில் முதல் வருஷம் தோழி வேஷம், தாதி வேஷம். அதைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. மங்களத்தம்மாளின் ஒத்திகையைப்பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். மடியில் சின்ன வெற்றிலை உரல். இடித்துக்கொண்டே இருப்பார். நாங்கள் பாடிக்கொண்டே போவோம். ஏதாவது ஓர் எழுத்து அவருக்குக் கேட்காவிட்டால் இடிக்கிற சத்தம் நிற்கும். கை மேலே போகும். கையில் உலக்கை. உடனே பாட்டை ஆரம்பத்திலிருந்து எடுக்க வேண்டும். திட்டமாட்டார், திரும்பியும் பார்க்கமாட்டார். ஒரு மத்தியானம் முழுவதும் ஒரே பல்லவியில் நின்றிருக்கிறேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றைக்கு மாத்திரம் எழுந்து மேடைக்கு வந்தார்.

"மொத வரிசைக்காரனுக்கு உன் மூஞ்சி தெரியும், கண்ணு தெரியும். கடைசியில இருக்கானே, அவனுக்கு நீ வெறும் எழுத்துதான். எழுத்தை முழுங்கிட்டேன்னா அவனுக்கு நீயே கிடையாது. கத்தாத. கத்துனா எழுத்து உடையும். ஒவ்வொண்ணாப் பைய எடுத்துக் கையில குடுக்கமாதிரிக் குடு."

குலசேகரன்பட்டினத்தில் தசராக் கூட்டத்துக்கு நாடகம் போட்டபோது கடற்காற்று குரலை அள்ளிக்கொண்டு போயிற்று. நான் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். ராஜா வேஷத்தில் பக்கத்தில் நின்ற மங்களத்தம்மாள் கிரீடத்தைச் சரிசெய்கிற பாவனையில் என் காதருகே குனிந்து, "காத்தோட சண்டை போடாத. அதுவும் மூச்சு வாங்கும். அது வாங்குதப்பம் நீ விடு" என்றார். கவனித்தேன். உண்மைதான். காற்று விட்டுவிட்டுத்தான் வந்தது. அந்த இடைவெளிகளில் அடியை வைத்தேன். மணலின் மறுகோடியில் இருந்தவர்கள் கையைத் தட்டினார்கள். கடைசி வரிசை எது என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

இரண்டாம் வருஷம் ராணி வேஷம் வந்தது. அம்பாசமுத்திரத்தில் முகாம். நோட்டீஸ் அடித்த அச்சுக்கூடத்துக்காரர் பாளையங்கோட்டையோடு பழக்கமுள்ளவர். தாமாகவே 'கீர்த்தனைப் புகழ் ஞானாபரணம் உபதேசியாரின் பேத்தி' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். நோட்டீஸ் ஒட்டிய இரண்டொரு நாளில், ஒரு முற்பகல், அப்பா ரயிலேறி வந்து கொட்டகை வாசலில் நின்றார். மங்களத்தம்மாள் கண்ணாடி முன் புது மீசை ஒன்றை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"நீங்கதான் முதலாளியா?"

"ஆமா. இருங்க வாத்தியாரய்யா."

"இருக்க வரல. என் மகளைக் கூட்டிட்டுப் போகவும் வரல. அவ அறியாப் பிள்ளை இல்ல. எங்க அய்யா பேரை நோட்டீஸில போட்டிருக்கீய. அதை எடுத்துருங்க."

"அந்தப் பேருக்குக் கூட்டம் கூடுதே."

"அவுக பேரைக் கேட்டு ஜனங்க கூடுதது ஜெபத்துக்கு. டிக்கெட்டுக்கு இல்ல."

மங்களத்தம்மாள் மீசையை மெல்லப் பிய்த்துக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. "சரி. இன்னைக்கே எடுத்துருதேன்" என்றார். பிறகு, "உங்க மகளை என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார்.

"அது உங்க இஷ்டம்."

அப்பா வெயிலில் இறங்கிப் போனார். திரை அசைந்ததை அவர் பார்த்திருப்பார். என்னைக் கூப்பிடவில்லை. தம் தகப்பனார் பெயரைக் கேட்டு அவ்வளவு தூரம் வந்தவர், என்னைக் கேட்டு வரவில்லையே என்றுதான் எனக்கு இருந்தது. மங்களத்தம்மாள் பெட்டியிலிருந்து புடவை எடுத்துத் தருகிற மாதிரி ஒரு பெயரை எடுத்துத் தந்தார். "கமலவேணி. கொஞ்சம் நீளம். கடைசி வரிசை வரைக்கும் போகும்."

அது போகத்தான் செய்தது. சில வருஷங்களில் கமலவேணி நடிக்கிறாள் என்றால் சீவலப்பேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கொழும்புக்குப் போனோம். நான் மேடையில் பாடிய பாட்டை மறுவாரம் களை எடுக்கிறவர்கள் பாடுவதை ரயில் ஜன்னலிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கும். நோட்டீஸில் இல்லாவிட்டாலும், நான் யார் வீட்டுப் பெண் என்று ஜனங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அதை யாரால் தடுக்க முடியும்?

அப்படிக் கேள்விப்பட்டுத்தான் கிராமபோன் ஏஜெண்டு ரங்கசாமி வந்தார். பாட்டுப் பதிகிற வெள்ளைக்காரர் ஒருவர் கொழும்புக்குப் போகிற வழியில் திருநெல்வேலியில் தங்கப்போவதாகவும், என் நாடகப் பாட்டுகளைப் பதிய வேண்டும் என்றும் சொன்னார். கூடவே ஒன்று கேட்டார். "உங்கள் தாத்தாவின் கரைகாட்டும் கீர்த்தனையையும் ஒரு தட்டு கொடுங்கள். இங்கே கிறிஸ்தவர்கள் வீட்டில்தான் மெஷின் வாங்குகிறார்கள். அவர்களுக்கு நாடகப் பாட்டு வேண்டியிருக்காது."

எனக்குப் பாட ஆசைதான். ஆனால் அது என்னுடையதல்லவே என்றேன். மங்களத்தம்மாள், "போய்க் கேளு. கேக்காமப் பாடுனா திருட்டு. கேக்காம விட்டா பயம்" என்றார்.

அந்தப் பாட்டின் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தாத்தா ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் உபதேசியாராக இருந்தபோது பொருநையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்ததும் பேதி வந்தது. அப்பாவுக்கு மூத்தவர்களாக ஓர் அண்ணனும் ஓர் அக்காவும் உண்டு. இருவரும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். தாத்தா தாமே குழி வெட்டி அடக்கம் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்த வந்து நின்றவர் வாயிலிருந்து வந்த பாட்டு அது. 'கடுவெள்ளம் தாண்டக் கரைகாட்டும் ஐயா' என்று பல்லவி. நாலு சரணம். மூன்றாவது சரணத்தை மட்டும் எழுதுகிறேன்.

ஒருபாயில் இருபேரும் உறங்கினார் அன்று
ஒருகுழியில் இருபேரும் உறங்கினார் இன்று
பெயர்சொல்லி எழுப்பிடப் பிதாவுமைத் தவிர
பேதைநான் யாரிடம் கேட்பேன் ஐயா

நான் போனபோது அப்பா ஆர்மோனியத்தைப் பிரித்துப் போட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பலகையைக் காலால் நகர்த்தினார். உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாடு, பாப்போம்" என்றார் கடைசியில்.

பாடினேன். பல்லவி தாண்டவில்லை, கையை உயர்த்திவிட்டார். "வெள்ளம்ங்கிற இடத்துல என்னமோ நெளிக்கியே. அது கொட்டகை நெளிப்பு. எங்க அய்யா அழுதுட்டுப் பாடுனவுக. அழுகை நெளியாது." மறுபடி பாடினேன். மறுபடி நிறுத்தினார். வெயில் தாழும் வரை அப்படியே போயிற்று. இரண்டு பேருக்கும் பசி தெரியவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரும் நானும் ஒரு பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம்.

பிறகுதான் நான் இக்கட்டைச் சொன்னேன். தட்டுக்கு அப்போது ஒரு பக்கந்தான். மூன்று நிமிஷம் ஓடினால் அதிகம். நாலு சரணமும் கொள்ளாது.

"கொஞ்சம் ஓட்டமாப் பாடுனா?"

பாடிக் காட்டினேன். "சே, நிறுத்து. ரயிலுக்கா போறோம்?" என்றார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். உட்காராமல் நின்றபடியே, "மூணாவதை விட்டுரு" என்றார்.

"அப்பா, பாட்டே அதுதானே."

"அதனாலதான் சொல்லுதேன். சந்தைக் கடையிலயும் கல்யாண வீட்டுலயும் எவனாவது சாவி கொடுத்து ஓட்டுவான். அங்கன வச்சு எங்க அண்ணனையும் அக்காளையும் எழுப்பவேண்டாம். அவுக கோயில்ல இருக்கட்டும்."

புறப்படும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டு முடிந்ததும் பாடினவர் தம் பெயரைச் சொல்ல வேண்டும். மெழுகைச் சீமைக்கு அனுப்பித்தான் தட்டு செய்வார்கள். அங்கே இருப்பவர்களுக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. என்ன பெயர் சொல்லட்டும் என்று கேட்டேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். உடனே ஆர்மோனியத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

"இப்பம் உள்ள பேரையே சொல்லு."

வண்ணார்பேட்டையில் ஒரு பங்களாவில் பதிவு நடந்தது. ஜன்னல்களையெல்லாம் சாத்தி, சுவரில் மெத்தைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அறையின் நடுவே குறுக்காக ஒரு திரை. திரையில் ஓட்டை போட்டு, அதன் வழியே ஊமத்தம்பூ மாதிரி ஒரு தகரக் குழாய் என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. துரை திரைக்குப் பின்னால் இருந்தார். அங்கே சோப்புக் கட்டி மாதிரி வழவழப்பான தடித்த மெழுகு வட்டம் சுற்றும். ஊசி அதில் கோடு கிழிக்கும். என் ஆர்மோனியக்காரரை மேஜையின் மேல் ஏற்றி உட்காரவைத்தார்கள். ரங்கசாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். தாழ்ந்த ஸ்தாயியில் என்னைக் குழாய்க்குள் தள்ளுவார். மேலே போகும்போது பின்னால் இழுப்பார். அறியாத ஆள் பார்த்தால் அடிதடி என்றுதான் நினைப்பான்.

முதல் மெழுகு என் பழக்கத்தாலேயே கெட்டது. வாயைத் திறந்ததும் குரல் கொட்டகையின் மறுகோடிக்குப் போயிற்று. ஊசி துள்ளிவிட்டது. துரை தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டார். ரங்கசாமி, "அம்மா, கடைசி வரிசையும் இந்தக் குழாய்க்குள்ளேதான் இருக்கிறது" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த மங்களத்தம்மாள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தரந்தான். இரண்டாவது மெழுகை வெளியே காகம் ஒன்று கரைந்து கெடுத்தது. மூன்றாவது நன்றாக வந்தது. இரண்டாம் சரணம் முடிந்ததும் வாய் தானாக அந்தப் பாய்க்கும் குழிக்கும் போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதை எடுத்தேன். முடித்துவிட்டு, "கமலவேணி, பாளையங்கோட்டை" என்றேன்.

தட்டு வந்தது. அப்படி ஓடும் என்று ஏஜெண்டே நினைக்கவில்லை. நாடகம் பார்ப்பது பாவம் என்று என்னைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் வீட்டிலெல்லாம் அது பாடியது. கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டார்களாம். பிள்ளைகள் தட்டைக் கேட்டே அந்தக் கீர்த்தனையைப் படித்தார்கள். ஒரு கிராமத்துக் கோயிலில் பாட்டு முடிந்ததும் குழந்தைகள் ஆமென் சொல்கிற மாதிரி, "கமலவேணி, பாளையங்கோட்டை" என்று கோரஸாகச் சொல்லி உபதேசியாரிடம் குட்டு வாங்கிய கதை எனக்கு வந்து சேர்ந்தது. கம்பெனியில் மங்களத்தம்மாளைத் தவிர எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஆனால் படிக்கிறவர்கள் தட்டில் இருப்பதைத்தானே படிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஜில்லா முழுவதும் இரண்டாம் சரணத்திலிருந்து நாலாவதுக்குத் தாவிப் பாடத் தொடங்கிவிட்டார்கள். பாட்டுப் புத்தகத்தில் மூன்றாவது இருந்தது. யாரும் புத்தகத்தைப் பார்த்துப் பாடவில்லை. அப்பா அதைத் தட்டுக்குத்தான் வேண்டாமென்றார். கோயிலுக்கு அல்ல. இது எனக்கு வெகுநாள் தெரியாது. முகாம் முகாமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

சீமையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருநெல்வேலிக்கு மறுபடி வந்திருந்தோம். அது ஸ்தோத்திரப் பண்டிகை சமயம். கிராமங்களிலிருந்து ஜனங்கள் முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். நானும் பாளையங்கோட்டைக் கோயிலுக்குப் போய்ப் பெண்கள் பக்கத்தில், வாசலை ஒட்டிய பாயில் உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆர்மோனியத்தில் வேறொரு இளவயது வாத்தியார் இருந்தார். அப்பா ஆண்கள் பக்கம் முன்னால் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். குருவானவரும் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர்.

கரைகாட்டும் கீர்த்தனையை எடுத்தார்கள். கோயில் கொள்ளாத கூட்டம். முதல் சரணம், இரண்டாம் சரணம். ஆர்மோனியம் நாலாவதுக்குப் போயிற்று, சபையும் கூடப் போயிற்று. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரே ஒரு குரல் மூன்றாவதைப் பாடியது. 'ஒருபாயில் இருபேரும்...' கிழவர் வரி மாறிவிட்டார் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நிறுத்தவில்லை. பாட்டுத் தடுமாறியது. ஆர்மோனியம் நின்றது. கோயில் முழுவதும் அடங்கி, அப்பா மாத்திரம் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது அடியில் குரல் நடுங்கியது. 'பெயர்சொல்லி' என்று எடுத்தவருக்கு மேலே போக மூச்சு இல்லை. அங்கேயே நின்றார்.

நான் எழுந்து நின்றது எனக்குத் தெரியாது. 'பெயர்சொல்லி எழுப்பிட' என்று எடுத்தேன். நெளிக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடியே பாடினேன். என் பக்கத்துப் பாயில் இரண்டொரு வயதான பெண்களுக்கு அந்தச் சரணம் நினைவிருந்தது. அவர்களும் மெல்லச் சேர்ந்தார்கள். அப்பா அசையாமல் நின்று கேட்டார். பிறகு அவரே நாலாவதைத் தொடங்கினார். சபை முழுவதும் பாடியது.

ஆராதனை முடிந்து வெளியே வெயிலில் ஜனங்கள் நெல் மூட்டைகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓரமாக வெளிவாசலுக்கு நடந்தேன். குருவானவர் அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு படி இறங்கிவந்தார்.

"ஐயா, பெண்கள் பக்கத்திலிருந்து பாடினது யார்? நல்ல சாரீரம்."

சுற்றி நின்றவர்களில் பலருக்கு என்னைத் தெரியும். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். அப்பாவுக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று கண் தெரியவில்லை. முகத்தை மாத்திரம் உயர்த்தி, "ஏ பாக்கியம், இங்க வா" என்றார். போனேன். தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை என் தோளில் வைத்தார்.

"எம் மவ, அய்யா. கமலவேணின்னு நாடகத்துல பாடுதா. நீங்க கேட்டிருப்பீய."